கணினி நிறுவனம் தொலைக்காட்சி செய்யலாமா, பெட்டி செய்யலாமா? எடைபோடும் முறை

சிங்கப்பூரின் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் வணிகமோ பொறியியலோ படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு பருவத்தில் இந்தப் பயிற்சிக் கேள்வி வந்து சேர்கிறது. கணினி செய்து பெயர் வாங்கிய ஒரு நிறுவனம் வீட்டின் வரவேற்பறைக்குள் நுழைய விரும்புகிறது. அது முழுத் தொலைக்காட்சியைத் தயாரிக்க வேண்டுமா, அல்லது இணைய நிகழ்ச்சிகளைக் காட்டுவதற்காகத் தொலைக்காட்சியோடு இணைக்கும் சிறிய ஒளிபரப்புப் பெட்டியைத் தயாரிக்க வேண்டுமா? பொருள் திட்டமிடும் துறையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், இத்தகைய அறிக்கைகளைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி என்னிடம் கொடுக்கிறார்கள். பெரும்பாலானவை உலகச் சந்தையின் மொத்த மதிப்பில் தொடங்கி, அதில் ஒரு விழுக்காட்டைப் பிடித்தாலே போதும் என்று முடிகின்றன. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இரண்டில் எதைச் செய்வது என்று யாராலும் முடிவெடுக்க முடியாது. முடிவெடுக்க உதவும் வழி வேறு. அதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வீட்டுக்குப் போங்கள்

மேசையில் அமர்வதற்கு முன், உங்களுக்குத் தெரிந்த நான்கைந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்குச் சென்று, வரவேற்பறையில் தொலைக்காட்சி இருக்கும் சுவரைப் பாருங்கள். தொலைக்காட்சிக்கு எத்தனை வயது, அதன் பின்புறத்தில் படமும் ஒலியும் கொண்டுவரும் வடத்தைச் செருகும் எச்டிஎம்ஐ துளைகள் எத்தனை காலியாக உள்ளன, கண்ணாடி இழை இணையம் வந்து சேரும் இடம் எவ்வளவு தொலைவில் உள்ளது, மேசை மீது எத்தனை ரிமோட்டுகள் கிடக்கின்றன ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் யார் எப்போது எதைப் பார்க்கிறார்கள் என்பதையும், படம் வராமல் போனால் அவர்கள் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். கடைசிக் கேள்வியை மாணவர்கள் எப்போதும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முதன்மையான கேள்வியாகத் தோன்றுகிறது, ஏனெனில் விற்பனைக்குப் பிறகு ஒரு பொருளுக்கு ஆகும் செலவின் பெரும்பகுதி அந்த ஒற்றைத் தொலைபேசி அழைப்பில் அடங்கியிருக்கிறது.

ஈசூனில் என் அக்காவின் வீட்டை எடுத்துக்கொள்வோம். தொலைக்காட்சிக்கு ஒன்பது வயது. படம் இன்றும் தெளிவாக இருக்கிறது, நிறம் மங்கவில்லை. ஆனால் அதற்குள் பொதிந்து வந்த செயலிகளில் பாதி திறப்பதில்லை, மீதி திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. அக்காவின் மாமியாருக்குத் தமிழ் நிகழ்ச்சிகள் வரும் வசந்தம் ஒளிவழி வேண்டும். மருமகனுக்கு விளையாட்டுக் கருவி வேண்டும். அத்தானுக்குக் கட்டணத் தொலைக்காட்சியின் காற்பந்து வேண்டும். மேசையில் மூன்று ரிமோட்டுகள். யாராவது தவறான பொத்தானை அழுத்தித் திரை கறுத்துவிட்டால், மாமியார் கடைக்கோ நிறுவனத்துக்கோ அழைப்பதில்லை. "தம்பி, படமே வரலையே" என்று எனக்குத்தான் அழைக்கிறார்.

கண்ணாடியின் வயதும் மூளையின் வயதும்

இந்த ஒரு வீட்டிலேயே விடையின் பாதி கிடைத்துவிடுகிறது. தொலைக்காட்சி என்பது வெவ்வேறு ஆயுள் உடைய இரு பொருள்களை ஒரே சட்டத்துக்குள் அடைத்துவைத்த பண்டம். திரைக் கண்ணாடி எட்டு, பத்து ஆண்டுகள் சலிக்காமல் உழைக்கும். அதை இயக்கும் சில்லும் மென்பொருளும் நான்கைந்து ஆண்டுகளில் பின்தங்கிவிடும். 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ், 2010, 2011ஆம் ஆண்டுகளில் வந்த சில சாம்சுங் தொலைக்காட்சிகளிலும் அமெரிக்க நிறுவனமான ரோக்குவின் பழைய ஒளிபரப்புப் பெட்டிகளிலும் தன் செயலியை நிறுத்திக்கொண்டது. பெட்டி வைத்திருந்தவர்கள் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகினார்கள். தொலைக்காட்சிக்குள் மூளையை வைத்திருந்தவர்களோ, நல்ல கண்ணாடியை மாற்றுவதா அல்லது அதனோடு ஒரு பெட்டியைச் சேர்ப்பதா என்று யோசிக்க வேண்டியதாயிற்று.

சிங்கப்பூரில் இதற்கு இன்னும் பெரிய சான்று உண்டு. 2013 டிசம்பரில் டிவிபி-டி2 முறையில் மின்னிலக்க ஒளிபரப்பு தொடங்கி, 2019 ஜனவரியின் தொடக்கத்தில் பழைய அலைவரிசை ஒளிபரப்பு முற்றாக நிறுத்தப்பட்டபோது, வீடுகளில் இருந்த பழைய தொலைக்காட்சிகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கட்டணத் தொலைக்காட்சிக்குச் சந்தா கட்டாத வீவக வீடுகளுக்கு மின்னிலக்கப் பெட்டியும் உள்ளரங்கு ஆண்டெனாவும் இலவசமாகத் தரப்பட்டன. ஒரு நாடு முழுவதற்குமான தொழில்நுட்ப மாற்றத்தையே கையகலப் பெட்டி ஒன்றால் முடிக்க முடிந்தது என்பதை உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதலாம்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான்: உங்கள் நிறுவனம் எந்தப் பாகத்தில் வல்லது, அந்தப் பாகத்தின் ஆயுள் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். கணினி நிறுவனங்கள் பொதுவாகச் சில்லு, இயங்குதளம், செயலிக் கடை ஆகிய விரைந்து மூப்படையும் பாகங்களில் வல்லவை. அந்த வல்லமையைப் பத்தாண்டு மாற்றப்படாத பண்டத்துக்குள் பூட்டிவைத்தால், ஐந்தாம் ஆண்டில் உங்கள் பெயர் பொறித்த மெதுவான திரை ஒன்று வரவேற்பறையில் நின்று ஒவ்வொரு மாலையும் உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

1993இல் ஆப்பிள் செய்த மேகின்டாஷ் டிவி இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. கறுப்பு நிறம், 14 அங்குலத் திரை, கணினியும் தொலைக்காட்சியும் ஒரே உடலில். ஆனால் கணினி வேலை செய்துகொண்டே ஒரு மூலையில் நிகழ்ச்சியைப் பார்க்க அதில் முடியாது; ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஏறத்தாழ 10,000 விற்று, சில மாதங்களிலேயே அது நிறுத்தப்பட்டது.

பணக் கணக்கு

தொலைக்காட்சியின் தயாரிப்புச் செலவில் பெரும்பங்கு திரைப் பலகைக்குப் போகிறது. அந்தப் பலகையைச் செய்யும் ஆலைகள் உலகில் மிகச் சில. 10.5ஆம் தலைமுறை ஆலை என்று சொல்லப்படுவதில் ஒரு தாய்க் கண்ணாடியின் அளவு 2,940க்கு 3,370 மில்லிமீட்டர். அதிலிருந்து 65 அங்குலத் திரைகள் எட்டை வெட்டி எடுக்கலாம். இந்த ஆலைகளை நடத்துவோர் விலையை ஏற்றினாலும் இறக்கினாலும், பலகையை வாங்கித் தொலைக்காட்சி செய்பவருக்கு அதில் பேச்சில்லை. விலை ஏறினால் லாபம் கரையும். இறங்கினாலோ, கிடங்கில் ஏற்கெனவே அடுக்கிவைத்த சரக்கின் மதிப்பு வாரம் ஒரு முறை தேயும். சோனி போன்ற பழுத்த நிறுவனமே தன் தொலைக்காட்சித் தொழிலில் தொடர்ந்து பத்து நிதியாண்டுகள் நட்டப்பட்டு, 2014 ஜூலையில் அந்தப் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரித்தது.

கணினி நிறுவனங்கள் இதை முயலாமல் இல்லை. 2002இன் இறுதியில் கேட்வே நிறுவனம் 42 அங்குல பிளாஸ்மா தொலைக்காட்சியை 2,999 அமெரிக்க டாலருக்கு விற்கத் தொடங்கியபோது, மற்றவர்களின் விலை அதைவிட மிக அதிகமாக இருந்ததால் பெரும் பரபரப்பு எழுந்தது. டெல்லும் எச்பியும் பின்தொடர்ந்தன. ஆனால் விலையைக் குறைப்பது ஒன்றே ஆயுதமாக இருந்தால், அதே ஆயுதத்தை நாளை வேறொருவர் இன்னும் கூர்மையாகத் தீட்டிக்கொண்டு வருவார். மூன்று நிறுவனங்களில் ஒன்றுகூட இன்று தொலைக்காட்சி செய்பவராக நினைவுகூரப்படுவதில்லை.

போக்குவரத்தையும் கணக்கில் சேருங்கள். மாணவர் அறிக்கைகளில் இது அநேகமாக இருப்பதே இல்லை. 65 அங்குலத் தொலைக்காட்சியின் அட்டைப்பெட்டி சுமார் 1.6 மீட்டர் நீளம், 1 மீட்டர் உயரம், 18 சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 0.29 கன மீட்டர் இடத்தை அது அடைக்கும். 12 சென்டிமீட்டர் சதுரமும் 6 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஒளிபரப்புப் பெட்டியின் அட்டை, அதே இடத்தில் முந்நூறுக்கு மேல் அடங்கும். தொலைக்காட்சியை வீட்டில் கொண்டுபோய் வைக்க இருவர் வேண்டும், மின்தூக்கிக்குள் நுழைய வேண்டும், சுவரில் மாட்ட ஒருவர் வர வேண்டும், பழுதானால் மறுபடி ஒருவர் வர வேண்டும். பெட்டி அஞ்சலில் வந்துவிடும். பழுதானால் மாற்றிக் கொடுத்துவிடலாம். ஒருமுறை என் வீட்டுத் திரையில் செங்குத்துக் கோடு விழுந்தபோது, பழுது பார்க்க வந்தவர் பலகையின் விலையைச் சொன்னதும் நாங்கள் இருவருமே சிரித்துவிட்டோம். புதியதன் விலைக்கும் அதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

பெட்டிக்கும் பள்ளங்கள் உண்டு

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டுப் பெட்டியே விடை என்று எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். பெட்டித் தொழிலின் முதல் இடர், வேறொருவர் அதை இலவசமாகக் கொடுப்பது. 2010இல் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையொன்றில் இதைத்தான் சொன்னார்: கேபிள் நிறுவனங்கள் சந்தாவோடு ஒரு பெட்டியைச் சும்மா கொடுக்கும்போது, மக்கள் இன்னொரு பெட்டிக்கு ஏன் பணம் தர வேண்டும்? இங்கும் ஸ்டார்ஹப், சிங்டெல் ஆகியவற்றின் கட்டணத் தொலைக்காட்சிச் சந்தாதாரர்களின் வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்டி இருக்கிறது. ஆப்பிள் தன் பெட்டியை நெடுநாள் "பொழுதுபோக்கு முயற்சி" என்றே அழைத்துவந்தது. 2007இல் 40 கிகாபைட் வட்டுடன் 299 டாலருக்கு வந்த அந்தப் பெட்டி, 2010இல் வட்டைக் கைவிட்டு 99 டாலருக்கு இறங்கிய பிறகுதான் பலரும் வாங்கக்கூடிய பொருளானது.

இரண்டாவது இடர், நிகழ்ச்சி உரிமை. லாஜிடெக் 2010இல் கூகல் டிவி இயங்குதளத்துடன் ரெவ்யூ என்ற பெட்டியை 299 டாலருக்கு வெளியிட்டது. சில வாரங்களிலேயே அமெரிக்காவின் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி ஆகியவை தம் இணைய நிகழ்ச்சிகள் அதில் ஓடாதபடி தடுத்துவிட்டன. அடுத்த ஆண்டு விலை 99 டாலருக்கு வெட்டப்பட்டது. ஒரு காலாண்டில் விற்பனையானதைவிடத் திரும்பி வந்தவை அதிகம். பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது, காட்டுவதற்குத்தான் போதிய சரக்கு இல்லை. ஆகவே உங்கள் அறிக்கையில் செயலிகளின் பெயர்ப்பட்டியலை ஒட்டுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு நிகழ்ச்சி நிறுவனமும் உங்களைத் தடுக்க நினைத்தால் என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள். சிங்கப்பூருக்கென்று எழுதும்போது உள்ளூர் ஒளிவழிகளை இணையத்தில் காட்டும் மீவாட்ச் செயலி இல்லாத பெட்டியைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை. வசந்தம் நிகழ்ச்சிகள் வேண்டும் என்றால் அந்தச் செயலி வேண்டும், அல்லது ஆண்டெனா வேண்டும். பெரும்பாலான ஒளிபரப்புப் பெட்டிகளில் ஆண்டெனாவுக்கான துளை கிடையாது.

மூன்றாவது இடர் நம்மூருக்கே உரியது. சிங்கப்பூரில் "ஆண்ட்ராய்டு பெட்டி" என்ற சொல்லுக்கே சற்றுக் கறை ஒட்டிக்கொண்டிருக்கிறது. உரிமை இல்லாத நிகழ்ச்சிகளைக் காட்டும் பெட்டிகள் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் போன்ற இடங்களில் வெளிப்படையாகவே விற்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, அத்தகைய பெட்டிகளை விற்கும் தனிநபருக்கு 100,000 வெள்ளி வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். நிறுவனங்களுக்கு அபராதம் 200,000 வெள்ளி வரை போகலாம். 2022 அக்டோபரில் சிம் லிம் ஸ்குவேரில் காவல்துறை சோதனை நடத்திப் பலரைக் கைது செய்தது. நேர்மையான கணினி நிறுவனம் இந்தச் சந்தைக்குள் வரும்போது, "ஒரே விலை கொடுத்தால் எல்லா ஒளிவழியும் வரும்" என்று பழகிப்போன வாடிக்கையாளரிடம், சந்தா தனியாகக் கட்ட வேண்டும் என்று விளக்கியாக வேண்டும். அந்த விளக்கத்துக்கு ஆகும் விளம்பரச் செலவை ஒதுக்காத திட்டத்தை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

முதல் திரை யாருடையது?

தொலைக்காட்சி செய்ய வேண்டும் என்பவர்களின் மிக வலுவான வாதத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். தொலைக்காட்சியை முடுக்கியவுடன் தெரியும் முதல் திரை, அதைச் செய்தவருக்குச் சொந்தம். பெட்டிக்காரர் இரண்டாம் எச்டிஎம்ஐ துளையில் குடியிருக்கும் வாடகைக்காரர். என் அக்காவின் மாமியாருக்கு அந்தத் துளைக்கு மாறத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் அவருக்கு விருப்பமில்லை. ஒரே ரிமோட்டால் இரண்டையும் இயக்க எச்டிஎம்ஐ வடத்தின் வழியாகவே கட்டளை அனுப்பும் வசதி இருக்கிறது. ஆனால் அது ஒவ்வொரு தொலைக்காட்சியிலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது, சிலவற்றில் அமைப்புப் பட்டியலுக்குள் சென்று முடுக்கிவிட்டால்தான் வேலையே செய்கிறது.

முதல் திரையை வைத்திருப்பவருக்கு வருமானமும் வருகிறது: விளம்பரம், சந்தாவில் பங்கு, என்ன பார்க்கிறீர்கள் என்ற தகவல். இந்தக் கடைசிச் செல்வத்தில் கவனம் வேண்டும். பார்ப்பவர்களின் தெளிவான ஒப்புதல் இல்லாமல் அவர்கள் பார்ப்பதைச் சேகரித்ததற்காக, அமெரிக்காவின் விசியோ நிறுவனம் 2017இல் 2.2 மில்லியன் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது.

முதல் திரைக்காகத்தான் அமேசான் 2021இலும் ரோக்கு 2023இலும் சொந்தப் பெயரில் தொலைக்காட்சி கொண்டுவந்தன. அவற்றைச் சான்றாகக் காட்டுவதற்கு முன் இரண்டின் பின்னணியையும் பாருங்கள். அமேசானுக்குச் சொந்தக் கடையும் கிடங்கும் வண்டிகளும் இருந்தன. ரோக்குவோ 2014 முதலே டிசிஎல், ஹைசென்ஸ் ஆகியோரின் தொலைக்காட்சிகளுக்குள் தன் மென்பொருளைக் கொடுத்து, ஒன்பது ஆண்டுகள் பிறர் கண்ணாடியில் பழகிய பிறகுதான் சொந்தக் கண்ணாடிக்கு வந்தது.

இங்கேதான் கேள்வியில் ஒளிந்திருக்கும் மூன்றாம் வழி வெளிப்படுகிறது. தொலைக்காட்சியும் செய்யாமல், பெட்டியை மட்டும் நம்பியும் இராமல், தன் மென்பொருளைப் பிறர் செய்யும் தொலைக்காட்சிக்குள் விருந்தாளியாக அனுப்பலாம். 2014இல் கூகல் ஆண்ட்ராய்டு டிவியை அறிவித்து, மறு ஆண்டே சோனி போன்றோரின் தொலைக்காட்சிகளில் அதை ஏற்றியது. 2019இல் ஆப்பிளே தன் செயலியைச் சாம்சுங் தொலைக்காட்சிக்குள் வைக்கச் சம்மதித்தது. கேள்வியில் இரண்டு வழிகள்தாம் கொடுக்கப்பட்டிருந்தாலும், மூன்றாவதையும் எடைபோட்டு எழுதுபவருக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

உள்ளூர்ப் பாடங்கள் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையால் உலகப் புகழ் பெற்ற நம் கிரியேட்டிவ் நிறுவனம், வரவேற்பறைக்கு வந்தபோது தொலைக்காட்சியின் கீழே வைக்கும் ஒலிபெருக்கிப் பட்டையைச் செய்தது. தான் அறிந்த ஒலியை விட்டு விலகவில்லை. விளையாட்டுக் கணினிகளுக்குப் பெயர்பெற்ற ரேசர் 2015இல் ஃபோர்ஜ் டிவி என்ற ஆண்ட்ராய்டு பெட்டியை வெளியிட்டது, அது நீடிக்கவில்லை. பெட்டியாக இருந்தால் மட்டும் பிழைத்துவிடாது, யாருக்காக என்ற கேள்விக்கு விடை வேண்டும்.

சட்டமும் சான்றும்

இதைச் சுருக்கமாகவே எழுதலாம், ஆனால் விட்டுவிடக் கூடாது. தொலைக்காட்சிக்கும் பெட்டியின் மின்மாற்றிக்கும் பாதுகாப்புக் குறி வேண்டும். தொலைக்காட்சிக்கு மட்டும் எரிசக்திச் சிட்டையும் வேண்டும். வைஃபை உள்ள கருவியைத் தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். உள்ளூர் ஒளிபரப்பை ஆண்டெனா வழியாக எடுக்கத் தொலைக்காட்சியில் டிவிபி-டி2 வேண்டும். 2021 ஜூலையில் தொடங்கிய மின்கழிவுத் திட்டத்தின்கீழ், புதியதைக் கொண்டுவந்து கொடுக்கும் விற்பனையாளர் பழைய தொலைக்காட்சியை இலவசமாக எடுத்துச் செல்ல வேண்டும். பெட்டிகளும் அந்தத் திட்டத்தில் அடங்கும் என்றாலும், பழைய பெட்டி சட்டைப்பையில் போகும். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கப்படும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2023 முதல் பொருள், சேவை வரி உண்டு என்பதால், நேரடியாக அனுப்பினால் வரி மிச்சம் என்ற பழைய கணக்கு இனிச் செல்லாது.

முடிவை எழுதும் விதம்

ஒரே பக்கத்தில் எழுதுங்கள். என் தீர்ப்பு பெட்டியின் பக்கம், அதனோடு பிறர் தொலைக்காட்சிக்குள் செயலியாகவும் இருப்பது. தொலைக்காட்சியே செய்யலாம் என்று என் மனத்தை மாற்ற மூன்று நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும்: திரைப் பலகை ஆலையோடு நீண்டகால விலை ஒப்பந்தம், வீட்டுக்கு வந்து பழுது பார்க்கும் ஆட்கள், பத்தாண்டு மென்பொருள் புதுப்பிப்புக்கு முன்கூட்டியே ஒதுக்கிய பணம். உங்கள் நிபந்தனைகள் வேறாக இருக்கலாம், ஆனால் எவை நிறைவேறினால் உங்கள் முடிவு மாறும் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்; அது இல்லாத அறிக்கை வெறும் விருப்பப் பட்டியல்.

எழுதி முடித்ததும், முதல் நாள் சென்ற அதே வீடுகளுக்குத் திரும்பிப் போங்கள். கடையில் கிடைக்கும் ஏதாவது ஒரு பெட்டியைப் பொருத்தி, வசந்தம் ஒளிவழியை எப்படி எடுப்பது என்று வீட்டின் மூத்தவருக்கு ஒரே ஒரு முறை காட்டுங்கள். தமிழில் ஒரு நிகழ்ச்சிப் பெயரைச் சொல்லித் தேடும்படி அவரைக் கேளுங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் நம் வழக்கத்தைப் பெட்டி எப்படிப் புரிந்துகொள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். அந்த இரண்டு வாரத்தில் படம் வரவில்லை என்று எத்தனை முறை அழைப்பு வந்தது என்பதை, பெட்டி இல்லாத முந்தைய இரண்டு வாரத்தோடு ஒப்பிட்டு, அறிக்கையின் முதல் வரிக்கு மேலே எழுதுங்கள். அக்காவின் வீட்டில் நான் இதைச் செய்தபோது அழைப்பு மூன்றிலிருந்து ஏழாக உயர்ந்தது. ஏழில் ஆறு, புதிய ரிமோட் சோபாவின் இடுக்கில் விழுந்துவிட்டதற்காக.